முட்டை இருக்கான்னு கேளுங்க, மதம் என்னன்னு கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கடிதப் பகுதியில ஒரு வாசகர் எழுதினதைப் படிச்சேன். ஜனநாயகம்னா மெஜாரிட்டி மக்களோட நம்பிக்கைக்கு வியாபாரி கட்டுப்பட்டுத்தான் ஆகணும், ஹோட்டல்காரர் பேரை வாசல்ல எழுதிப் போடுறதுல என்ன தப்பு, மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்குப் பயம், நாட்டுப்பற்று இல்லாதவங்க கடையில நம்ம காசை எதுக்குக் கொடுக்கணும்னு கேட்டிருந்தார். கத்தி எழுதல, நிதானமாத்தான் எழுதியிருந்தார், அதனாலதான் பதில் சொல்லணும்னு தோணுச்சு. நான் தூத்துக்குடியில பேக்கரி வச்சிருக்கேன், அப்பா காலத்துக் கடை, மக்ரூன்தான் எங்க பிழைப்பு. அவர் கேட்ட கேள்வி முதல்ல வந்து நிக்கிறது என்னை மாதிரி கல்லாவுல உக்காந்திருக்கிறவங்க முன்னாலதான்.

மக்ரூனுக்கு மூணே சாமான், முந்திரி, சீனி, முட்டையோட வெள்ளைக்கரு. மஞ்சக்கரு ஒரு சொட்டு கலந்தாலும் நுரை சரியா எழும்பாது, அதனால ஒவ்வொரு முட்டையா உடைச்சுப் பிரிக்கணும், நல்லா அடிச்சு சீனி சேத்து முந்திரிப்பொடி போட்டு பேப்பர்ல கூம்பு கூம்பா பிழிஞ்சு லேசான சூட்டுல ராத்திரி முழுக்கக் காய விடணும். வெளியூர்க்காரங்களுக்கு பாத்தா முட்டை இருக்கிற மாதிரியே தெரியாது. அதனால தினம் யாராவது கேப்பாங்க, அண்ணாச்சி இதுல முட்டை உண்டான்னு. உண்டுன்னு சொல்லிட்டு முட்டை சேராத ரஸ்க்கையோ தேங்கா பன்னையோ எடுத்துக் காட்டுவேன். பாக்கெட்டுல அசைவத்துக்கான பழுப்புக் குறியும் இருக்கு, முட்டை சேந்தா அதைப் போட்டே ஆகணும்னு சட்டம். கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கிறவங்க கேப்பாங்க, தவக்காலத்துல சில பேர் கேப்பாங்க, ஜெல்லி கேக்குல மிருகத்தோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிற ஜெலட்டின் போட்டிருக்கீங்களான்னு முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க கேப்பாங்க. ஒருத்தர் கேட்டதுக்கும் நான் முகம் சுளிச்சதில்ல. அவங்க உடம்புக்குள்ள போறது, அவங்க சாமிக்கு அவங்க கொடுத்த வாக்கு, கேக்கிறதுக்கு எல்லா உரிமையும் இருக்கு, மறைச்சு வித்தா நான் குத்தவாளி. மதத்துக்கு வியாபாரத்துல இருக்கிற நியாயமான இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன், சரக்கு என்னன்னு கேக்கிற இடம்.

ஆனா 2024 ஜூலையில உத்தரப்பிரதேசத்துல கேட்டது அந்தக் கேள்வி இல்ல. சிவ பக்தருங்க கங்கைத் தண்ணி எடுத்துட்டு வர்ற கன்வர் யாத்திரைக்காக முசாஃபர்நகர் போலீஸ், அந்தப் பாதையில இருக்கிற ஹோட்டல், டீக்கடை, பழவண்டி வரைக்கும் ஓனர் பேரை எழுதி மாட்டச் சொன்னாங்க. ரெண்டொரு நாள்ல அந்த மாநில அரசே இதை மாநிலம் பூராவும் உள்ள யாத்திரைப் பாதைங்களுக்கு நீட்டுச்சு, உத்தராகண்ட்லயும் இதே மாதிரி உத்தரவு வந்துச்சு. வாழைப்பழம் விக்கிறவர் வண்டியில பேர் எதுக்கு? வாழைப்பழத்துல சைவம் அசைவம் உண்டா? பேரைப் படிச்சா மதம் தெரிஞ்சிரும், அதைத் தவிர அந்தப் போர்டுக்கு வேற வேலையே கிடையாது. முஸ்லிம் தொழிலாளிங்களை அந்த சீசனுக்கு வேலைக்கு வர வேண்டாம்னு ஓனருங்க அனுப்பினதாவும் அப்போ செய்தி வந்துச்சு, அந்தக் கூலி போச்சுன்னா போச்சுதான், யாரும் திருப்பித் தரப் போறதில்ல.

ஜூலை 22-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதுக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. நீதிபதிகள் ஹிரிஷிகேஷ் ராய், எஸ்.வி.என். பட்டி பெஞ்ச். என்ன சாப்பாடு விக்கிறாங்கன்னு எழுதச் சொல்லலாம், ஓனர் பேரையோ வேலை பாக்கிறவங்க பேரையோ எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னாங்க. அன்னைக்கு நீதிபதி பட்டி ஒரு விஷயம் சொன்னாரு. அவர் கேரளாவுல நீதிபதியா இருந்தப்போ அந்த ஊர்ல ரெண்டு சைவ ஹோட்டல், ஒண்ணு இந்து நடத்துறது, இன்னொண்ணு முஸ்லிம் நடத்துறது, இவர் போனது முஸ்லிம் நடத்துன சைவ ஹோட்டலுக்கு, ஏன்னா அந்த ஓனர் துபாய்ல இருந்து வந்தவர், சுத்தத்துல சர்வதேசத் தரம் வச்சிருந்தாராம். இதை விட இந்த விஷயத்தை எளிமையா யாரும் சொல்லிட முடியாது. சாப்பிடப் போறவருக்கு வேண்டியது சமையக்கட்டு, சமையக்காரரோட ஜாதகம் இல்ல.

2025-ல அதே யாத்திரைக்கு, ஓனர் விவரம் தெரியிற க்யூஆர் கோடைக் கடையில ஒட்டணும்னு உத்தரவு வந்துச்சு, அதுவும் கோர்ட்டுக்குப் போச்சு, யாத்திரை முடியிற நேரம்ங்கிறதால லைசென்ஸும் ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்டும் சட்டப்படி வைக்கணும்னு மட்டும் சொல்லி மத்த விஷயத்துக்குள்ள கோர்ட் போகல. சரி, லைசென்ஸ் வைக்கிறதுல எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல வந்தது, லைசென்ஸை பிரேம் போட்டு மாட்டித்தான் வச்சிருக்கேன். அதிகாரி வரட்டும், சாம்பிள் எடுக்கட்டும், ஓவன் பக்கம் எலி இருக்கான்னு பாக்கட்டும், தப்புன்னா அபராதம் போடட்டும். அது எல்லாக் கடைக்கும் எல்லா நாளும் உள்ள சட்டம். ஒரு யாத்திரைக்காக, ஒரு ரோட்டுக்கு மட்டும், வாசல்ல பெரிய எழுத்துலன்னு வரும்போது அது சுத்தத்துக்காக இல்லன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோயில் கடைங்க விஷயத்துலயும் இதே மாதிரி நடந்துச்சு. ஆந்திராவுல ஸ்ரீசைலம் கோயில் வளாகத்துக் கடைங்களை இந்து அல்லாதவங்களுக்கு ஏலத்துல விடக் கூடாதுன்னு ஒரு அரசாணை இருந்துச்சு. 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், மதத்தைக் காரணம் காட்டி குத்தகைக்கு வர்றவங்களை விலக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. கோயில் பக்கத்துல சாராயம் விக்காத, சூதாட்டம் நடத்தாதன்னு சொன்னா அது சரி, பூவும் பொம்மையும் விக்கிறதுக்கு இந்துவா இருந்தாத்தான் முடியும்னா அது எப்படின்னு கேட்டாங்க நீதிபதிங்க. இங்கயும் பாருங்க, சரக்கைப் பத்திக் கேக்கலாம், ஆளைப் பத்திக் கேக்கக் கூடாது. எங்க ஊர்ல பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறினா ஆகஸ்ட் 5 வரைக்கும் ரோடு முழுக்கக் கடை, வளையல் கடை, அல்வா கடை, பொரி கடலைன்னு எல்லா மதத்துக்காரங்களும் போட்டிருப்பாங்க, நானும் ஒரு டேபிள் போடுவேன். யாரும் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டதில்ல.

அந்த வாசகர் ஜனநாயகம்னு சொன்னதால அரசியல் சட்டத்தையும் கொஞ்சம் பாப்போம். 15(2)-ம் பிரிவுல கடை, ஹோட்டல்னு பேர் சொல்லியே எழுதி வச்சிருக்காங்க, மதம், சாதியைக் காட்டி எந்தக் குடிமகனையும் அங்க வர விடாம நிறுத்தக் கூடாதுன்னு. அதாவது கடை திறந்து வச்சிருக்கிற நான் வர்ற ஆளோட மதத்தைப் பாத்து வெளிய நிறுத்த முடியாது. 19-ம் பிரிவு எந்தத் தொழிலும் வியாபாரமும் செய்ற உரிமையை எல்லாருக்கும் கொடுக்குது. வாங்க வர்றவங்களோட மதத்தை நான் பாக்கக் கூடாதுன்னு சொன்ன நாட்டுல, விக்கிறவரோட மதத்தைப் பாருங்கன்னு போலீஸே போர்டு மாட்டச் சொன்னா எப்படி? ஓட்டுக் கேக்கும்போது கூட மதத்தைச் சொல்லிக் கேக்கக் கூடாதுன்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) இருக்கு, 2017 ஜனவரியில ஏழு நீதிபதிங்க உக்காந்து அதுல நாலு பேர், வேட்பாளரோட மதம் மட்டும் இல்ல, ஓட்டுப் போடுறவரோட மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான்னு தீர்ப்பு எழுதினாங்க. மெஜாரிட்டிங்கிறது ஆட்சியை முடிவு பண்ற கணக்கு. யாரு பழம் விக்கலாம்னு முடிவு பண்ற கணக்கு இல்ல.

அடுத்தது நாட்டுப்பற்று. பேக்கரித் தொழில்ல இருக்கிறவங்கிற முறையில எனக்கு ரொம்ப வலிச்சது ஹைதராபாத் கராச்சி பேக்கரி விஷயம். பிரிவினையில கராச்சியை விட்டு வீடு வாசல் எல்லாம் போட்டுட்டு வந்த சிந்தி இந்துக் குடும்பம், கான்சந்த் ராம்நானி 1953-ல மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் பக்கம் ஆரம்பிச்ச கடை. அவங்க ஃப்ரூட் பிஸ்கட்டை ஹைதராபாத் போற யாரும் வாங்காம வர மாட்டாங்க. இழந்துட்டு வந்த ஊரோட பேரைக் கடைக்கு வச்சார், அவ்வளவுதான். 2019-ல புல்வாமா தாக்குதலுக்கு அப்புறம் பெங்களூரு கடை முன்னால ஒரு கும்பல் வந்து நிக்க, கடைக்காரங்க கராச்சிங்கிற எழுத்தைத் துணி போட்டு மறைச்சு தேசியக் கொடியைக் கட்டுனாங்க. 2025 மே மாசம், ஆபரேஷன் சிந்தூர் நடந்த அதே வாரம், ஷம்ஷாபாத் கிளையில கோஷம் போட்டுட்டு வந்தவங்க பேர்ப்பலகையைக் கட்டையால அடிச்சாங்க. பாகிஸ்தானாலயே ஊரை இழந்த குடும்பத்தைப் பாகிஸ்தானை எதிர்க்கிறோம்னு சொல்லி அடிச்சது எந்தக் கணக்குல நாட்டுப்பற்று ஆகும்? உள்ள வேலை பாக்கிற பையனுங்க யாரு, அந்த மைதாவும் நெய்யும் எங்க இருந்து வருது, வரி எந்த கஜானாவுக்குப் போகுதுன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா? எழுபது வருசம் பிஸ்கட் சுட்டவங்க, நாங்க இந்தியக் கம்பெனிதாங்க, கடையை விட்டுருங்கன்னு அறிக்கை விட வேண்டிய நிலை.

அதே வாரத்துலதான் இன்னொண்ணும் நடந்துச்சு. மே 7-ம் தேதி, ராணுவம் அந்த ஆபரேஷனை அறிவிச்ச அதே நாள்ல, அந்தப் பேரை டிரேட்மார்க்கா பதிவு பண்ணக் கேட்டு ரிலையன்ஸோட ஜியோ ஸ்டுடியோஸ்ல இருந்து ஒரு விண்ணப்பம் போச்சு. வேற சில தனி ஆளுங்களும் போட்டாங்க. எதிர்ப்புக் கிளம்பினதும் மறுநாளே வாபஸ் வாங்கி, கீழ்மட்ட ஊழியர் ஒருத்தர் அனுமதி இல்லாம பண்ணிட்டார்னு விளக்கம் சொன்னாங்க. வாபஸ் வாங்குனது நல்லதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, எல்லையில பையனுங்க உசுரைப் பணயம் வச்சு நிக்கிற நேரத்துல அந்தப் பேர் பொழுதுபோக்கு வகையில ஒரு சரக்கா பதிவாகப் பாத்துச்சு. அவங்க ஆபீஸ் முன்னால கட்டையோட யாரும் போகல, போகவும் கூடாது. நாட்டுப்பற்றைக் காட்டுறதுக்குத் தெருவுல கையில சிக்குறது எப்பவும் சின்னக் கடையாத்தான் இருக்கு.

அப்போ அந்நியத் துணியைப் புறக்கணிச்சது தப்பா, சுதேசி தப்பான்னு சில பேர் கேப்பாங்க. தூத்துக்குடிக்காரன்கிட்ட இதைக் கேட்டா நான் நின்னு பதில் சொல்லணும். வ.உ.சி. 1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பிச்சது இந்த ஊர்லதான், பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், பங்கு ஒண்ணு 25 ரூபாய், 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம். அதுல ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தர் மட்டும் 8,000 பங்கு வாங்கி 2 லட்சம் ரூபாய் போட்டார். அந்தக் காலத்து 2 லட்சம்! சைவப் பிள்ளைமார் குடும்பத்து வக்கீல் நடத்துற கம்பெனின்னு அவரும் பாக்கல, துலுக்கர் பணம்னு இவங்களும் பாக்கல. கொழும்புக்குக் கப்பல் விட்டாங்க, காலியா, லாவோன்னு சொந்தமா ரெண்டு கப்பல் வந்துச்சு. போட்டிக்கு இருந்த வெள்ளைக்காரனோட பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே போய் கடைசியில சும்மாவே கூட்டிட்டுப் போறோம், குடையும் தர்றோம்னு நின்னான். அப்பவும் ஜனங்க காசு கொடுத்து சுதேசிக் கப்பல்ல ஏறினாங்களே, அதுதான் நாட்டுப்பற்று. தன் கைக்காசைப் போட்டு, தானா முடிவு பண்ணி, அடுத்தவர் வாசல்ல போய் மிரட்டாம.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். அந்த மக்கள் வெறும் வாயால சுதேசி பேசல, 1908-ல வெள்ளைக்காரன் நடத்துன கோரல் மில் ஸ்ட்ரைக் நேரத்துல தொழிலாளிங்களுக்கு எதிரா வெள்ளைக்காரன் பக்கம் பேசுனவங்களுக்கு இந்த ஊர்ல சவரம் பண்ண மறுத்தாங்க, துணி வெளுக்க மறுத்தாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது கடுமையான புறக்கணிப்புதான், நான் மறைக்கல. ஆனா அது ஒருத்தர் சொன்ன பேச்சுக்கும் செஞ்ச காரியத்துக்கும் கிடைச்ச பதில், பிறப்புக்குக் கிடைச்ச தண்டனை இல்ல, அதுக்குப் பின்னால போலீஸும் இல்ல. போலீஸ் எதிர்ப்பக்கம் நின்னுச்சு. துறைமுகத்துல, கோர்ட்டுல, கலெக்டர் ஆபீஸ்ல எல்லாமே அரசாங்கம் ஒரு கம்பெனி பக்கம் சாஞ்சு நின்னுச்சு, 1908-ல வ.உ.சி.யைப் பிடிச்சு உள்ள போட்டு பின்ஹேங்கிற ஜட்ஜ் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தான், அப்பீல்ல குறைஞ்சு 1912 கடைசியில வெளிய வந்தப்போ கம்பெனியே கலைஞ்சு போயிருந்துச்சு. அந்தக் கதையில இருந்து நான் எடுத்துக்கிறது இதுதான்: வாங்குறவங்க எந்தக் கடைக்குப் போகணும்னு அவங்களே முடிவு பண்ணிக்கலாம், அரசாங்கம் மட்டும் எந்தக் கடைப் பக்கமும் சாயக் கூடாது. அந்த வாசகருக்கு ஒரு கடை பிடிக்கலைன்னா போக வேண்டாம், யாரும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. தான் போக மாட்டேன்னு சொல்றது அவர் சுதந்திரம். யாருமே போகாம இருக்கிறதுக்கு அரசாங்கம் அடையாளம் போட்டுக் கொடுக்கணும்னா அது வேற.

வியாபாரிங்க எல்லாரும் நல்லவங்க, நாங்கதான் பாதிக்கப்பட்டவங்கன்னு நான் சொல்ல வரல. பெரிய வியாபாரம் ஜனநாயகத்தை என்ன பண்ணும்னு தேர்தல் பத்திரத்துல பாத்தோம். 2017 நிதிச் சட்டத்துல, கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கிற நன்கொடை லாபத்துல 7.5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு இருந்த வரம்பையே எடுத்துட்டாங்க, யாரு யாருக்குக் கொடுத்தாங்கன்னு மக்களுக்குத் தெரியாத மாதிரி பத்திரமும் வந்துச்சு. 2024 பிப்ரவரி 15-ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ரத்து பண்ணி, விவரத்தை வெளிய போட வச்சுது. பட்டியல்ல முதல்ல இருந்தது கோயம்புத்தூர்க்காரர் நடத்துற லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி. 2003-ல இருந்து தமிழ்நாட்டுல லாட்டரிக்குத் தடை, ஆனா அந்தப் பணத்துல 509 கோடி தங்களுக்கு வந்துச்சுன்னு திமுககாரங்களே தேர்தல் கமிஷன்கிட்ட சொன்னாங்க. மொத்தத்துல பத்திரப் பணத்துல பெரும்பங்கு போனது மத்தியில ஆளுற பாஜகவுக்கு. எந்தக் கட்சியும் இதுல சுத்தம்னு சொல்லிக்க முடியாது. இப்போ அந்த வாசகரை நான் ஒண்ணு கேக்கிறேன், பேரை வெளிய எழுதிப் போடணும்னா எங்க போடணும்? தள்ளுவண்டியிலயா, கட்சிக்குக் கோடிக்கணக்குல கொடுக்கிற கம்பெனி வாசல்லயா? ஜனநாயகத்துக்கு எந்தப் பேர் தெரிஞ்சாகணும்? ஓட்டுப் போடுறவங்களுக்கு வேண்டிய பேரை ஆறு வருசம் மறைச்சு வச்சிருந்தாங்க, அப்போ மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்குப் பயம்னு எத்தனை பேர் கேட்டோம்?

நாட்டுப்பற்றை நிரூபிச்சுக் காட்டச் சொல்றதைப் பத்தி ஒரே ஒரு பழைய கேஸைச் சொல்றேன். 1985-ல கேரளாவுல கோட்டயம் பக்கம் ஒரு ஸ்கூல்ல மூணு பிள்ளைங்களை வெளிய அனுப்பினாங்க. யெகோவாவின் சாட்சிகள் சபைக் குடும்பம், தேசிய கீதம் பாடும்போது எந்திரிச்சு மரியாதையா நிக்கும், வாய் திறந்து பாடாது, அவங்க விசுவாசம் அப்படி. பிள்ளைங்க ஒழுக்கமானதுங்கன்னு விசாரணையிலயும் சொல்லிட்டாங்க, ஆனாலும் ஸ்கூல்ல வச்சுக்கல. 1986 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதின தீர்ப்புல, எந்திரிச்சு நின்னதே மரியாதைதான், பாடியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, பிள்ளைங்களைத் திரும்பச் சேத்துக்கோங்கன்னு உத்தரவு போட்டாங்க. சகிப்புத்தன்மை நம்ம மரபுலயும் தத்துவத்துலயும் அரசியல் சட்டத்துலயும் இருக்கு, அதை நீர்க்க விடாதீங்கன்னும் அதுல எழுதியிருக்கார். முப்பது வருசம் கழிச்சு 2016 நவம்பர்ல அதே கோர்ட் எல்லா சினிமா தியேட்டர்லயும் கீதம் போடணும், எந்திரிச்சு நிக்கணும்னு சொல்லுச்சு, கீதத்துக்கு எந்திரிக்கலைன்னு சில ஊர் தியேட்டர்கள்ல அடிதடியே நடந்துச்சு, எந்திரிச்சு நிக்க முடியாத மாற்றுத் திறனாளியைக் கூட விடல. 2018 ஜனவரியில கோர்ட்டே அதைக் கட்டாயம் இல்லைன்னு மாத்திருச்சு. டிக்கெட் வாங்கிட்டு வந்த இடத்துல பக்கத்து சீட்டுக்காரர் நம்ம நாட்டுப்பற்றைச் சோதிக்கலாம்னு ஆயிட்டா, அடுத்து டீக்கடைக்கும் பேக்கரிக்கும் வர எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு சாமி உண்டு, கடையில விளக்கு ஏத்தாம ஓவனைப் பத்த வைக்க மாட்டேன். ஆகஸ்ட் 15-க்கு கடை வாசல்ல கொடி ஏத்தி ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுக்கிறேன், அதை யாரும் சொல்லிச் செய்யல. இந்த ரெண்டையும் ஒருத்தர் வந்து அளந்து பாத்து நீ பாஸ், நீ ஃபெயில்னு சொல்ற நாள் வந்தா, அன்னைக்கு நான் ஏத்துற கொடி பயத்துல ஏத்துன கொடியா ஆயிரும். அது எனக்கு வேண்டாம், வேற எந்தக் கடைக்காரருக்கும் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. எங்கயாவது ஒரு கடையை மதத்தைச் சொல்லியோ நாட்டைச் சொல்லியோ உடைச்சா முதல் நாள் பெரிய படத்தோட போடுறீங்க, அதுக்கு நன்றி. ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நாங்க படிக்கிறதே இல்ல. கேஸ் பதிஞ்சாங்களா, சார்ஜ் ஷீட் போட்டாங்களா, உடைஞ்ச கண்ணாடிக்கும் போர்டுக்கும் யாரு காசு கட்டுனாங்க, இன்ஷூரன்ஸ் கொடுத்தானா, அங்க வேலை பாத்தவங்களுக்கு அந்த நாள் சம்பளம் கிடைச்சுதா, கடை அதே பேர்ல திறந்திருக்கா இல்ல பேரை மாத்திட்டாங்களா. ஆறு மாசம் கழிச்சு உங்க நிருபர் ஒருத்தரை அனுப்பி இதை விசாரிச்சு உள்பக்கத்துல நாலு வரி போட்டாலும் போதும். என்னை மாதிரி சின்ன வியாபாரிங்க அதைத் தேடிப் படிப்போம்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரர் ஒருவர்,
தூத்துக்குடி